சாமிக்குப் போட்ட ரோடு

எந்த ரோடாக இருந்தாலும் இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி, இடையில் நடு என்று ஒன்று இருக்கும். என் வீட்டுக்காரர் ஓவர்சியராக இருந்து போட்ட முதல் ரோட்டுக்கு நுனி இரண்டும் இருந்தன, நடுதான் இல்லை. அந்த இல்லாத நடுவுக்கு மேலே நான் நின்றேன், கீழே என் அம்மா நின்றாள். இதைச் சொன்னால் இப்போது வீட்டில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும்தான் சிரிக்கிறேன். சிரிக்க வேண்டிய சங்கதிதான், நடந்தபோது நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்.

நான் பிறந்த வீடு பழனி அடிவாரத்தில். முன்பக்கம் அப்பாவின் கடை. விபூதி, பஞ்சாமிர்தம், காவடிச் சாமான்கள். பின்பக்கம் வீடு. வீடு என்று பேர், அதில் எங்களைவிட யாத்திரைக்காரர்கள்தான் அதிகம் இருந்தார்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மொட்டை அடித்த பிள்ளை ஒரு பக்கம் வீறிடும், யாரோ ஒரு செட்டிநாட்டு ஆச்சி எங்கள் அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருப்பாள். தனியாக உட்கார்ந்து அழ வேண்டும் என்றால்கூட இடத்துக்கு முறைபோட்டுக் காத்திருக்க வேண்டிய வீடு அது. ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் செய்து, அங்கிருந்து கொண்டுபோய் மலைமேல் ஒரு தகரக் கொட்டகையில் விட்டார்கள்.

வடகவுஞ்சிக்கும் அப்பால், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒரு சின்ன மலைக்கிராமம். அங்கிருந்து கொடைக்கானலுக்குப் போக மட்டக்குதிரைத் தடம் ஒன்று முகடு தாண்டிப் போனது. பழனிப் பக்கம் இறங்க ஒற்றையடிப் பாதை இருந்தது. அந்தக் கிராமத்துக்கு அடிவாரத்திலிருந்து ஒரு ரோடு போடுவது என்று முடிவாகி, கீழேயிருந்து ஒரு கூட்டம் மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வர, மேலேயிருந்து ஒரு கூட்டம் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு போக, நடுவில் இரண்டும் சேர்வது என்று ஏற்பாடு. மேல்கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பு. கீழ்க்கூட்டத்துக்குத் திண்டுக்கல்காரர் ஒருவர்.

ஒற்றையடிப் பாதையில் நான் நடந்துதான் ஏறினேன். வயிற்றில் இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாத நேரம். கொட்டகைக்கு வந்து சில நாளில் அது கலைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு, பாறையில் மருந்து அடைத்து வைத்திருக்கிறது, வெடிக்காமல் விட்டால் ஆபத்து என்று எழுந்து போனார். அவர் சொன்னது நிஜம்தான். நான் அன்றைக்கு அழுதேன். அழுதால் ஏன் என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் அழுவது, எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சேதி கேட்டு அம்மா, சுமைகாரன் ஒருவனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினாள்.

"இனிமே ரோடு வந்த பெறகுதான் கீழ எறங்கணுமாம். நடந்து எறங்குனா ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டாங்களாம்" என்று அவன் ஒப்பித்தான். கூடவே, "ஒங்கம்மா அழுதுக்கிட்டே சொன்னாங்கம்மா" என்றும் சொன்னான். அதைச் சொல்லும்படி அம்மா அவனிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

என் வீட்டுக்காரர் வெள்ளனே கிளம்பிவிடுவார். பிறகு மூடுபனி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். எட்ட இருக்கிற தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாது. கிராமத்துப் பெண்கள் பக்கத்தில்தான் ஜல்லி உடைப்பார்கள், அவர்கள் பேச்சும் சிரிப்பும் பனிக்குள்ளிருந்து கேட்கும். ஆசையாகக் கிட்டே போனால், "ஓவர்சியரம்மா வர்றாங்க" என்று பேச்சை நிறுத்திவிட்டுக் கல்லைப் பார்த்துச் சுத்தியலைப் போடுவார்கள். அவர்கள் வைத்த மரியாதையைப் போல என்னைக் கொடுமை செய்தது வேறொன்றும் இல்லை. பொழுது சாய்வதற்குள் அவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டு, வாயைத் திறந்தபடி, ஆனால் பேசாமல், தூங்கிப்போவார்.

எனக்கு இருந்த ஒரே துணை கீழேயிருந்து வரும் வேட்டுச் சத்தம். மத்தியானத்தில் எங்கள் ஆட்கள் வெடிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்க்கூட்டம் வெடிக்கும். முதலில் யாரோ பக்கத்து ஊரில் கதவைச் சாத்தியதுபோலக் கேட்டது, வரவர நெருங்கியது. அந்தச் சத்தம் வரும் ரோட்டின் அந்தக் கோடியில் எங்கள் வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மறுபடி நான் உண்டாகியிருந்த சமயம் அது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஏழாம் மாதத்தில் வளைகாப்புப் போட்டு அழைத்துப்போக வேண்டும், அதற்குள் ரோடு சேர வேண்டும்.

"சேந்துரும். லாரிலயே ஒக்காந்து போயிருவ" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய?

இரண்டு ரோடும் சேர வேண்டிய இடத்தைக் குறித்து வைத்தவர் ஓர் இன்ஜினியர். வழி நெடுக முளைக்குச்சி அடித்து, சேருமிடத்தில் இருந்த பாறையில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தீட்டி அடையாளம் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். புதிதாக வந்தவர் மலையை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார், இங்கிருந்தே எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றார். லெவல் பார்க்கிற கருவியும் அவரோடு கீழேயே தங்கிவிட்டது. முளைக்குச்சிகள் என்ன ஆயின என்று கேட்டால், பாதி அடுப்பெரிந்தது, மீதியில் அவரைக்கொடி படர்ந்து நன்றாகவே காய்த்தது. ஆக, மிஞ்சிய அடையாளம் பாறை ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் ஊராரைக் கூப்பிட்டுக் கேட்டார். "வெள்ளையும் செவப்பும் பட்டை அடிச்ச பாறை எங்கய்யா இருக்கு? அங்கதான் ரோடு போகணும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அங்கயா போகுது? நெசமாங்களா?" என்று கேட்டார்கள். பிறகு போட்டி போட்டுக்கொண்டு கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு வேலை நடந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பூண்டு நடவு நேரத்தில் ரோட்டு வேலைக்கு அந்த ஊரில் ஒரு ஆளைப் பிடிக்க முடியாது. அந்த வருஷம் கூப்பிடாமலே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பாறை நெருங்க நெருங்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண் சுமந்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"வேலை வாங்குறதும் ஒரு கலை. எல்லாத்துக்கும் வராது" என்று என்னிடம் மீசையைத் தடவினார். செருப்பை ஏன் கழற்றுகிறார்கள் என்று நான் கேட்டேன். மலைக்காரர்கள் அப்படித்தான், கால் வழுக்காமல் இருக்க, என்றார்.

தை மாதம், பனி விலகிய ஒரு காலையில் கடைசி வேட்டு வைத்தார்கள். புகை அடங்கியதும் பட்டை அடித்த பாறை எதிரே நின்றது. கீழ்க்கூட்டத்தைக் காணோம். ஆனால் கடப்பாரைச் சத்தம் மட்டும் காலுக்கு அடியில் கேட்டது. என் வீட்டுக்காரர் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். இரண்டு தென்னை உயரத்துக்குக் கீழே, நேர் செங்குத்தாக, அருமையான ரோடு ஒன்று வந்து நின்றிருந்தது. அங்கேயும் ஒரு பாறை, அதிலும் வெள்ளையும் சிவப்பும் பட்டை. அதைச் சுற்றி ஒரு கூட்டம் இடதுபக்கம் வலதுபக்கம் என்று மேல்ரோட்டைத் தேடிக்கொண்டிருந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ரோடு ஆகாயத்திலிருந்து வரும் என்று யாருக்குத் தோன்றும்?

என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். திண்டுக்கல்காரர் அண்ணாந்தார்.

"ஏங்க, நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"ரோடு போடுறேன்."

"யாருக்கு?"

என் வீட்டுக்காரர் ஊராரைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஊர்ப் பூசாரி கையைக் கூப்பிக்கொண்டு பதில் சொன்னார். "கன்னிமாருக்குங்க."

அது அவர்களுடைய கன்னிமார் பாறை. வருஷா வருஷம் கும்பிடு நாளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிப்பார்களாம். இன்ஜினியர் தீட்டிய பாறை கீழே சோலைக்குள் இருந்தது, அதைப் பூசாரி பார்த்ததே இல்லை. "கவர்மெண்டே வந்து நம்ம சாமிக்கு ரோடு போடுதேன்னு நாங்க சந்தோசப்பட்டோமுங்க. அதான் வெரசா வெட்டுனோம்" என்றார். அவர்கள் மேல் என்ன தப்பு? கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு வந்து மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அந்தக் கொட்டகையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"இப்ப நீ எப்டி எறங்குவ?" என்றார்.

பழைய ஒற்றையடிப் பாதை இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரோட்டுக்கு உடைத்த கல்லையெல்லாம் அதன்மேல்தான் தள்ளியிருந்தார்கள். ரோடுதான் வரப்போகிறதே, பாதை எதற்கு? டோலி தூக்குகிறவர்களும் இனிப் பிழைப்பு இல்லை என்று தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார்கள். வாலிபப் பையன்கள் ஆட்டுத்தடத்தில் தொற்றி இறங்குவார்கள். ஏழு மாதக்காரி எப்படித் தொற்றுவது? கொடைக்கானல் தடமோ முகடு ஏறி இறங்குவது, வயிற்றுப்பிள்ளைக்காரியை மட்டக்குதிரையில் ஏற்ற யார் துணிவார்கள்? உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்பதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஏணியாவது, படியாவது வைத்துத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டதற்கு, ரோட்டுக்குத்தான் உத்தரவு, படிக்கு உத்தரவு இல்லை என்று கீழேயிருந்து பதில் வந்தது.

இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. பார்த்து வைத்த நாளில் அவள் காண்ட்ராக்டரின் லாரியில் அப்பா, அத்தை, சித்தி, சீர்த்தட்டு, வளையல்காரர் சகிதம் ஜாம்ஜாமென்று வந்து இறங்கிவிட்டாள். என்னை ரோட்டு நுனிக்குக் கூட்டிப்போனார்கள். எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையும் தட்டுமாக அம்மா அண்ணாந்து நின்றாள். மேலேயிருந்து பார்க்க அவ்வளவு குள்ளமாக இருந்தாள்.

"ஏத்தா! சாப்டியா?" என்று கத்தினாள்.

"சாப்ட்டேம்மா!"

"காலு வீங்கியிருக்கா?"

"இல்லம்மா!"

"என்ன?"

"வீக்கம் இல்லையாம்!" என்று நடுவில் திண்டுக்கல்காரர் எடுத்துச் சொன்னார். அம்மா அடுத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. இரண்டு கூட்டத்து ஆண்களும் மரியாதையாக மலையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

எங்கள் மேஸ்திரி, மண் தூக்குகிற கயிறு இருக்கிறது, அம்மாவை உட்காரவைத்து மேலே இழுத்துவிடலாம் என்றார். அம்மா உடனே முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராகிவிட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கயிறு தாங்காது, தாங்கினாலும் ஊர் சிரிக்கும் என்றார். அப்படியானால் நான் இறங்குகிறேன் என்று நான் கத்தினேன்.

"எறங்குனியோ கொன்னுபுடுவேன்!" என்றாள் அம்மா.

கடைசியில் கூடைதான் ஏறியது. அதில் வளையலும் சந்தனமும் குங்குமமும் இலையில் கட்டிய கலந்த சாதமும் வந்தன. போட்டுவிட ஆள் வேண்டுமே. ஜல்லிப் பெண்கள் தள்ளி நின்றார்கள்.

"நாங்க போடலாமுங்களாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். பூண்டு வாசம் அடிக்கும் விரல்களால் ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். கல் உடைத்துக் காய்த்த கை, வளையல் ஒன்றுகூட உடையவில்லை. கீழேயிருந்து அம்மா நடத்திவைத்தாள். "சந்தனத்தக் கன்னத்துல தடவுங்கத்தா! ரெண்டு கன்னத்துலயும்!" எல்லாம் முடிந்ததும், கையை ஆட்டிக் காட்டு என்றாள். விளிம்பில் நின்று கையை ஆட்டினேன். வளையல் சத்தம் எனக்குக் காது நிறையக் கேட்டது.

"கேக்கலையே ஆத்தா" என்றாள் அம்மா.

இன்னும் வேகமாக ஆட்டினேன். காதில் கைவைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பனி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரோடு வளைந்து வளைந்து இறங்குவதால் லாரி மறைந்து, மறுபடி கொஞ்சம் சின்னதாகத் தெரியும். தெரிந்த ஒவ்வொரு தடவையும் அம்மா அண்ணாந்து பார்த்தாள். நான் கடைசி வளைவுவரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

பிரசவம் கொட்டகையில்தான். வளையல் போட்ட அதே பெண்கள்தான் பார்த்தார்கள். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது, கடவுள் கண்திறந்தார், அந்தக் கன்னிமாரும்தான்.

ரோடு எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த ரோட்டைத் திருப்பினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஊரார் மறித்தார்கள். அடுத்த வருஷம் வேறொரு இன்ஜினியர் வந்து, கன்னிமாரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகும்படி வளைவு போட்டு இறக்கினார். இன்றைக்கும் அந்த வழியாகப் போகிறவர்கள், பஸ் சாமியைப் பிரதட்சணம் செய்துவிட்டு இறங்குகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் வேலையை நிறுத்தி வைத்து, ஆட்களைக் கலைத்து, கயிறு கூடையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் பூண்டு பிடுங்கும் சமயம், ஜல்லிப் பெண்களும் இல்லை. மிச்சச் சாமானுக்குக் கணக்கு எழுத இருந்த என் வீட்டுக்காரர் பகலில் வெளியே போய்விட்டால், காலியான ரோட்டில் நானும் குழந்தையும்தான்.

அப்போதுதான் அம்மா மறுபடி வந்தாள். அப்பா எங்கேயோ ஒரு லாரியைப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, விளிம்பில் நின்று குழந்தையை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினேன். அம்மா கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலத்தா. துணிதான் தெரியுது" என்றாள்.

திருப்பிக் காட்டினேன். தெரியவில்லை. விளிம்புக்கு நேர் கீழே வந்து நின்றாள். பிறகு கத்தினாள். "அந்தத் துணியவாச்சும் போடு!"

குழந்தையை என் முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்த துணியை உருவினேன். காற்றில் பறந்துவிடாமல் ஒரு ஜல்லிக்கல்லை முடிந்து கீழே போட்டேன். அம்மா அதை எடுத்துக் கல்லை அவிழ்த்துவிட்டு, துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை. அப்பா பக்கத்தில் போய் ஏதோ சொன்னார். அப்புறம்தான் முகத்தை நிமிர்த்தினாள்.

"பாலு கக்குறாளா?"

"ஆமாம்மா!"

"வசம்பச் சுட்டு, ஒரசி, நாக்குல தடவு! கொஞ்சூண்டு!"

"சரிம்மா!"

"நீ நல்லா சாப்புடுறியா?"

"சாப்புடுறேன்!"

லாரி ஹாரன் அடித்தது. அம்மா துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திருப்பிப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டடி போனவள் திரும்பி நின்றாள்.

"மனசுக்கு ஒண்ணுமில்லையேடி?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கலைந்துபோன அந்த முதல் பிள்ளையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை. பனியைப் பற்றி, பகல் முழுக்கப் பேசாமல் இருந்து சாயங்காலம் என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருப்பதைப் பற்றி, ராத்திரி குழந்தை அழுதால் எனக்கு ஏற்படுகிற பயத்தைப் பற்றி. எல்லாம் அவள் மடியில் தலைவைத்து, மெதுவாகச் சொல்ல வேண்டியவை. அந்த உயரத்திலிருந்து கத்திச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா!" என்று கத்தினேன்.

சரியாகக் கேட்கவில்லைபோல. காதில் கையை வைத்தாள். நான் இன்னும் பலமாக, மலையில் பட்டுத் திரும்பும்படி, மறுபடியும் அதையே கத்தினேன்.